பெட்டிக்குள் 36 பேர்!

அமெரிக்காவில் பிரிஸ்டல் என்று ஓர் ஊர். அதன் கடைத்தெருவுக்குப் பெயர் ஸ்டேட் ஸ்ட்ரீட். தெருவின் ஒரு பக்கம் டென்னஸி மாநிலம், எதிர்ப்பக்கம் வர்ஜீனியா. நடுரோட்டில் வரிசையாகப் பதித்திருக்கும் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள்தான் எல்லைக்கோடு. அதன் மேல் நின்றால் இடது கால் ஒரு மாநிலத்தில், வலது கால் இன்னொரு மாநிலத்தில். ஹாரன் சத்தம் மட்டும் இரண்டு மாநிலத்திலிருந்தும் வரும்.

1927 ஜூலை 25-ம் தேதி இந்தத் தெருவில் தொப்பிக் கம்பெனி ஒன்றின் கட்டடத்தில் ஒலிப்பதிவு மெஷினை இறக்கினார் ரால்ஃப் பீர். விக்டர் ரெக்கார்டு கம்பெனிக்காக வந்தவர். மலைக்கிராமங்களில் பாடத் தெரிந்தவர்கள் வரலாம் என்று அறிவித்தார். ஆகஸ்ட் 5-க்குள் 19 குழுக்கள், 76 பாடல்கள். அமெரிக்காவின் கன்ட்ரி சங்கீதம் 'பிறந்த' இடம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதற்காக 2014-ல் ஒரு மியூசியமே திறந்துவிட்டார்கள்.

நம் பயணம் இங்கே ஆரம்பம். முடிவு நியூ ஆர்லியன்ஸில். நடுவே கிட்டத்தட்ட 900 மைல். வழிகாட்டி, மூன்று சின்ன அட்டைப் பெட்டிகள்.

சீட்டுக்கட்டு அல்ல!

பெட்டியைத் திறந்தால் உள்ளங்கையில் அடங்கும் அட்டைகள். முன்பக்கம் கலரில் ஒரு முகம். பின்பக்கம் நாலு வரி வாழ்க்கைக் குறிப்பு. கிரிக்கெட் வீரர்கள் படம் சேர்ப்போமே, அந்த ரகம். ஆனால் இதில் இருப்பவர்கள் கிடார்காரர்கள், பாஞ்சோக்காரர்கள், கார்னெட் ஊதியவர்கள். பெரும்பாலும் 1920-களில் ரெக்கார்டு கொடுத்தவர்கள்.

வரைந்தவர் ராபர்ட் க்ரம்ப். 1943-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். அறுபதுகளின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் 'பெரியவர்களுக்கு மட்டும்' காமிக்ஸ் வரைந்து அமெரிக்காவையே முகம் சுளிக்க வைத்தவர். பேனாவால் இழை இழையாகக் கோடு போட்டே நிழலும் சுருக்கமும் கொண்டுவரும் ஆசாமி. பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டு என்றால் மனுஷனுக்கு உயிர். யாஸூ என்ற சின்ன ரெக்கார்டு கம்பெனிக்கு அட்டைப்படம் வரைந்து கொடுத்துவிட்டு, காசுக்குப் பதிலாகப் பழைய தட்டுகளை வாங்கிக்கொள்வார். பண்டமாற்று!

அதே யாஸூ கம்பெனிதான் 1980-ல் இவர் வரைந்த 36 ப்ளூஸ் கலைஞர்களைப் பெட்டியில் போட்டு விற்றது. 1982-ல் ஜாஸ் ஆட்கள், 1985-ல் கன்ட்ரி ஆட்கள். 2006-ல் மூன்றும் சேர்ந்து ஒரே புத்தகமாகவும் வந்தது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. தன்னுடைய காமிக்ஸில் கறுப்பின மக்களைத் தடித்த உதடும் உருட்டு விழியுமாகக் கேலிச்சித்திரம் போட்டதற்காக க்ரம்ப் இன்றுவரை கண்டனம் வாங்குகிறார். அதே கை வரைந்ததுதான் இந்த அட்டைகளும். இவற்றில் கேலி இல்லை. ஏன் இல்லை என்பதற்கு, பருத்திக்காட்டு நடுவில் ஒரு பதில் கிடைத்தது. வருகிறேன்.

"எவ்வளவு குடுத்தாங்க?"

காரும் டிரைவரும் என் காலேஜ் நண்பன். நாஷ்வில்லில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. அவனுக்கு இளையராஜா போதும், மற்றதெல்லாம் இரைச்சல். ஆனால் எந்த விஷயத்தையும் பைசா சுத்தமாக விசாரிக்காமல் விடமாட்டான்.

பிரிஸ்டலில் கார்ட்டர் குடும்பத்தின் அட்டையைக் காட்டினேன். ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல். கடன் வாங்கிய காரில் மலைப்பாதையில் இறங்கி வந்தவர்கள். மேபெலுக்கு அப்போது வயசு 18, நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. ஆறு பாட்டு பாடிவிட்டுத் திரும்பினார்கள். கட்டை விரலால் ராகத்தையும் மற்ற விரல்களால் தாளத்தையும் வாசித்த மேபெலின் கிடார் முறையை அதற்குப் பிறகு வந்த கன்ட்ரி கிடார்காரர்கள் எல்லோருமே படித்தார்கள்.

"எவ்வளவு குடுத்தாங்க?" என்றான் நண்பன்.

பாட்டுக்கு 50 டாலர். விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டரை சென்ட்.

"ஆறு பாட்டு, முந்நூறு டாலர். 1927-ல! பரவால்லயே!" என்று பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் கட்டம் போட ஆரம்பித்துவிட்டான். பெயர், முகம், குரல், கல்லறை, கூலி... ஐந்து கட்டம். "ஊருக்கு ஊர் கல்லறை பாக்கத்தானே கூட்டிட்டுப் போறே? கணக்காவது எழுதி வைப்போம்."

கார்ட்டர்களுக்கு எல்லாக் கட்டத்திலும் டிக். அவன் ரொம்பத் திருப்தியாகக் காரைக் கிளப்பினான்.

அந்தக் கட்டத்தில் ஏறாத ஒருவரும் உண்டு. ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய பாடல்களைத் திரட்டினார். வார்த்தைகளை அவர் எழுதிக்கொள்வார். மெட்டை மனசில் பிடித்துவைத்து வந்து வாசித்துக் காட்டியது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார்காரர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். அந்தத் தட்டுகளில் அவர் பெயர் கிடையாது. அந்தக் காலத்து ரெக்கார்டு கம்பெனிகள் கறுப்பர் பாட்டுக்குத் தனி வரிசை, வெள்ளைக்கார மலைவாசிகளின் பாட்டுக்குத் தனி வரிசை என்று நம்பர் போட்டு விற்றன. ரோட்டில் சேர்ந்து நடந்தவர்கள் கேட்டலாக்கில் பிரிந்துபோனார்கள்.

இதே பிரிஸ்டலில் அதே வாரம் முதல்முதலாகப் பாடிய ஜிம்மி ராட்ஜர்ஸ் கன்ட்ரி சங்கீதத்தின் முதல் பெரிய ஸ்டார். 1930 ஜூலையில் அவர் ஒரு பாட்டுப் பாட, பின்னணியில் ட்ரம்பெட் வாசித்தது யார் தெரியுமா? லூயி ஆம்ஸ்ட்ராங்! ஜாஸ் உலகத்தின் சக்கரவர்த்தி. தட்டின் லேபிளில் அவர் பெயரைப் போடவில்லை.

கடம் அல்ல, ஊதும் ஜாடி

பிரிஸ்டலிலிருந்து மெம்பிஸுக்கு டென்னஸியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குறுக்கே கடக்க வேண்டும். 500 மைல், அதாவது 800 கிலோமீட்டர். நடுவில் நாஷ்வில். "அதோ, என் வீடு அந்தப் பக்கம்" என்று நண்பன் கைகாட்டினான். குரலில் பிரிவுத்துயர்.

மெம்பிஸின் பீல் ஸ்ட்ரீட்டில் இப்போது நியான் விளக்கும் டூரிஸ்ட் கூட்டமும். 1920-களில் இங்கே வாத்தியம் வாங்கக் காசில்லாதவர்கள் காலி சாராய ஜாடியை வாத்தியமாக்கினார்கள். க்ரம்ப் வரைந்த 'கேனன்ஸ் ஜக் ஸ்டாம்பர்ஸ்' குழு அப்படிப்பட்டது.

"கடம் மாதிரியா?"

அடிப்பதில்லை, ஊதுவது. ஜாடியின் வாயருகே உதட்டை வைத்து 'ப்பூம் ப்பூம்' என்று ஊதினால் அடித்தொண்டைச் சுருதி வரும். குழுத் தலைவர் கஸ் கேனன் கழுத்தில் ஒரு பட்டை மாட்டி அதில் டின்னைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையால் பாஞ்சோ, வாயால் டின் என்று ஒரே ஆளாக இரண்டு வேலை பார்த்தார்.

1929-ல் அவர் ரெக்கார்டு செய்த பாட்டு ஒன்றை, 1963-ல் ரூஃப்டாப் சிங்கர்ஸ் என்ற இளைஞர் குழு பாடி அமெரிக்காவின் நம்பர் ஒன் ஆக்கியது. ரேடியோவெல்லாம் அந்தப் பாட்டு! அப்போது கேனன் மெம்பிஸில்தான் இருந்தார். வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. குளிர்காலத்தில் வீட்டுக்குக் கணப்புச் செலவு கட்ட முடியாமல் தன் பாஞ்சோவை அடகு வைத்திருந்தார்.

பாட்டு ஹிட்டான பிறகுதான் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனி அவரைத் தேடிப் பிடித்து ஓர் எல்.பி. தட்டு போட்டது. நண்பன் கூலிக் கட்டத்தில் டிக் போடவா வேண்டாமா என்று யோசித்து, 'தாமதம்' என்று எழுதினான். ஆடிட்டர் புத்தி.

61-ம் நம்பர் ரோடு

மெம்பிஸிலிருந்து தெற்கே ஹைவே 61. கொஞ்ச தூரம் போனதும் நிலம் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடுகிறது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, வளைவுகூட அதிகம் இல்லை. இருபுறமும் பருத்தி, சோயா. இதுதான் மிசிசிப்பி டெல்டா.

அடிமைமுறை 1865-ல் ஒழிந்தது. ஆனால் நிலம் கைமாறவில்லை. கறுப்பினக் குடும்பங்கள் அதே நிலத்தில் வாரத்துக்கு உழைத்தார்கள். விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் பண்ணைக் கடையில் கடன். அறுவடை முடிந்ததும் கணக்கு. கணக்கை எழுதுவது முதலாளி. வருஷக் கடைசியில் உழைத்தவன்தான் பாக்கி வைத்திருப்பான்! இந்தக் கணக்கை விளக்கும்போது நண்பன் முதல்முறையாக ஜோக் அடிக்கவில்லை.

75 மைலில் கிளார்க்ஸ்டேல். பழைய ரயில்வே சரக்குக் கொட்டகையில் டெல்டா ப்ளூஸ் மியூசியம். உள்ளே, மட்டி வாட்டர்ஸ் வாழ்ந்த மரக்குடிசையின் மிச்சத்தையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இதே ஊரில் கறுப்பினத்தவருக்கான ஆஸ்பத்திரியில்தான் 1937 செப்டம்பர் 26-ம் தேதி பெஸ்ஸி ஸ்மித் இறந்தார். ஹைவே 61-ல் கார் விபத்து. 'ப்ளூஸின் சக்கரவர்த்தினி' என்று போஸ்டர் ஒட்டப்பட்டவர். பெனிசில்வேனியாவில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் 1970 வரை, அதாவது 33 வருஷம், ஒரு கல்கூட இல்லை. பாடகி ஜேனிஸ் ஜாப்ளின் உள்பட இரண்டு பெண்கள் பணம் போட்டுக் கல் வைத்தார்கள்.

61-ம் 49-ம் சந்திக்கும் இடத்தில் கம்பத்தின் மேல் நீலக் கிடார்களை மாட்டி வைத்திருக்கிறார்கள். ராபர்ட் ஜான்சன் நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆத்மாவை விற்றுக் கிடார் கற்றார் என்ற கதைக்கு இந்தச் சந்திப்பைத்தான் காட்டுகிறார்கள். சாத்தானுக்கு டிராஃபிக் சிக்னல் பிரச்னை இருந்திருக்காது, அப்போது.

நிஜ ஜான்சன் கதை அதைவிடப் பெரிசு. 1936, 37-ல் டெக்ஸஸில் இரண்டு தடவை ஒலிப்பதிவு, மொத்தம் 29 பாட்டு. 1938 ஆகஸ்ட் 16-ல் கிரீன்வுட் பக்கத்தில் மரணம், வயசு 27. அறுபதுகளில் இங்கிலாந்து இளைஞர்கள் அந்தத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் ராக் கிடார் படித்தார்கள். க்ரம்பின் பெட்டி வந்த 1980-ல்கூட ஜான்சனின் ஒரு போட்டோ உலகத்தின் பார்வைக்கு வந்திருக்கவில்லை. 1986-ல்தான் முதல் படம் பத்திரிகையில் வெளியானது. அதுவரை குரல் மட்டும்!

கல்லறை? அதில் குறைவில்லை. கிரீன்வுட்டைச் சுற்றி மூன்று இடத்தில் இருக்கிறது.

"ஒரு ஆளுக்கு மூணு கல்லறையா? டபுள் என்ட்ரி கேள்விப்பட்டிருக்கேன். இது ட்ரிபிள்!" என்றான் கணக்குப்பிள்ளை.

கோட்டு போட்ட குடியானவன்

கிளீவ்லண்டுக்குக் கிழக்கே சில மைல். சாலையோரம் ஒரு பெரிய பழைய மரக் கொட்டகை, 'டாக்கரி ஃபார்ம்ஸ்' என்று எழுத்து. 1895-ல் வில் டாக்கரி ஆரம்பித்த பண்ணை. சுமார் 40 சதுர மைல் பரப்பு! தனிக் கடை, தனி ரயில் பாதை. 1900-ஐ ஒட்டி இங்கே குடிவந்த கூலிக் குடும்பம் ஒன்றின் பையன்தான் சார்லி பேட்டன். சனிக்கிழமை ராத்திரி கிடாரைத் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னாலும் பிடித்து வாசித்து, கரகரத்த குரலில் பாடிக் கூட்டத்தை ஆட வைத்தவர். அவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களில் ஹவ்லின் உல்ஃப் ஒருவர். டெல்டா ப்ளூஸ் பிறந்த வீடு என்று இந்தக் கொட்டகையைச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

1929 ஜூன் 14-ல் பேட்டன் முதல் ரெக்கார்டு கொடுத்தார். கம்பெனி பெயர் பாரமவுண்ட். ஹாலிவுட் பாரமவுண்ட் இல்லை. விஸ்கான்சினில் ஒரு நாற்காலி கம்பெனி.

"நாற்காலியா?"

ஆமாம். நாற்காலி செய்தவர்கள் கிராமபோன் பெட்டி செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமென்றால் தட்டு வேண்டும். அதனால் தட்டும் போட்டார்கள். மட்டமான அரக்குக் கலவை. அதனால்தான் பேட்டன் குரலைக் கேட்டால் பின்னணியில் மிளகாய் தாளிக்கிற சத்தம் சேர்ந்தே வருகிறது. அந்த மட்டமான தட்டுகளுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள். டாமி ஜான்சன் என்ற இன்னொரு மிசிசிப்பிக்காரர் பாடிய பாரமவுண்ட் தட்டு ஒன்று 2013-ல் ஈபே ஏலத்தில் 37,100 டாலருக்குப் போனது. டாமி ஜான்சன் 1956-லேயே போய்விட்டார்.

பேட்டனின் போட்டோ உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ரொம்ப வருஷம் அதில் முகப்பகுதி மட்டுமே கிடைத்தது. முழு உருவமும் தெரியும் பிரதி 2000-க்கு அப்புறம்தான் வெளியே வந்தது. அதில் என்ன உடை? சூட்டும் கழுத்தில் 'போ' டையும். ப்ளைண்ட் லெமன் ஜெஃபர்சன் என்ற டெக்ஸஸ் பாடகருக்கும் அறியப்பட்ட போட்டோ ஒன்றுதான். அதிலும் கோட்டு, டை, வட்டக் கண்ணாடி.

கொட்டகை நிழலில் நின்று அட்டைகளைப் பார்த்தபோது பிடிபட்டது. பருத்தி பொறுக்குகிற ஊர்க்காரர்கள் ஸ்டூடியோவுக்குப் போகும்போது இருப்பதில் நல்லதை, அல்லது இரவல் வாங்கியாவது, போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். 'நான் இப்படித்தான் இருப்பேன், இப்படித்தான் என்னை ஞாபகம் வைத்துக்கொள்' என்பது அவர்கள் எடுத்த முடிவு. க்ரம்ப் அந்த முடிவில் கைவைக்கவில்லை. கோட்டைக் கழற்றிப் பருத்தி மூட்டையைத் தோளில் ஏற்றவில்லை, சோகத்தைக் கூட்டவில்லை. டையின் முடிச்சு, கண்ணுக்குக் கீழே சுருக்கம், கிடார் பிடித்த விரல்... உள்ளதை உள்ளபடி, பொறுமையாக. மற்ற காமிக்ஸில் ஒரு கூட்டத்தை வரைந்தார், இங்கே ஒரு மனிதனை வரைந்திருக்கிறார். வித்தியாசம் அதுதான்.

டாக்கரியிலிருந்து தெற்கே, இண்டியனோலாவுக்கு அருகே ஹாலி ரிட்ஜ். 1934 ஏப்ரல் 28-ல் இறந்த பேட்டன் இங்கே புதைக்கப்பட்டார். 56 வருஷம் கல் கிடையாது. 1990-ல் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி செலவில் கல் வந்தது. மாநில அரசு ப்ளூஸ் தடத்துக்கு வைக்கும் நீல நிறப் பலகைகள் இப்போது 200-க்கு மேல். அதில் முதல் பலகை 2006-ல் இங்கேதான் நட்டார்கள்.

போகிற நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: டெல்டாவில் பஸ்ஸை நம்ப வேண்டாம், கார் கட்டாயம். ஜூலை, ஆகஸ்டில் போனால் நம் ஊர் கத்திரி வெயிலுக்குக் கொசு இலவசம். ஏப்ரல் நல்லது. கிளார்க்ஸ்டேலில் அப்போது விழாவே உண்டு, ரூம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அட்லஸில் கிடைத்த தாத்தா

கிரீன்வுட்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் தட்டை நிலம் முடிந்து குன்றுகள் ஆரம்பிக்கும் இடத்தில் அவலான். ஊர் என்று சொல்ல அதிகமாக ஒன்றும் இல்லை. மிசிசிப்பி ஜான் ஹர்ட் இந்த ஊர்க்காரர். 1928-ல் மெம்பிஸிலும் நியூயார்க்கிலும் ரெக்கார்டு கொடுத்தார். தாலாட்டு மாதிரி மென்மையான குரல், மூன்று விரலால் நீரோடை மாதிரி கிடார். அடுத்த வருஷம் பொருளாதாரமே சரிந்தது. ரெக்கார்டு கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. ஹர்ட் விவசாயத்துக்கும் மாடு மேய்க்கவும் திரும்பிவிட்டார்.

35 வருஷம்!

தான் பாடிய ஒரு பாட்டில் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தார். 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றைய மேப்பில் அவலான் இல்லை. பழைய அட்லஸைப் புரட்டியபோது இருந்தது. காரை எடுத்துக்கொண்டு வந்து விசாரித்தார். ஆள் உயிரோடு, அதே ஊரில்! அந்த வருஷமே நியூபோர்ட் இசை விழா மேடையில் ஹர்ட் தாத்தா. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கைதட்டினார்கள். மூன்று வருஷம் அந்த வெளிச்சம். 1966 நவம்பர் 2-ல் இறந்தார்.

"ரிட்டயர் ஆகற வயசுல அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்" என்றான் நண்பன். ஆபீஸ் பாஷையில் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

அவருடைய சின்ன மரவீட்டை மியூசியமாக வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் அது தீப்பிடித்துச் சாம்பலாகிவிட்டது. குன்றும் மரங்களும் கல்லறையும்தான் மிச்சம். காரில் போகும்போது அவர் குரலைப் போட்டேன். 'மற்றதெல்லாம் இரைச்சல்' கட்சிக்காரன் வால்யூமைக் குறைக்கவில்லை.

குரல் இல்லாத முகம்

ஹைவே 61 விக்ஸ்பர்க், நாட்செஸ், பேட்டன் ரூஜ் என்று இறங்கிக் கடைசியில் நியூ ஆர்லியன்ஸில் போய் முடிகிறது. இனி இரண்டாவது பெட்டி, ஜாஸ்.

1901-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் பிறந்த ஜேன் ஆலி வீட்டைத் தேடிப் போகாதீர்கள். 1964-ல் போலீஸ், கோர்ட் கட்டடங்களுக்காக அதை இடித்துவிட்டார்கள். ஆனால் விமான நிலையத்துக்கு அவர் பெயர். இடித்ததற்குப் பிராயச்சித்தம் போலிருக்கிறது.

ஆம்ஸ்ட்ராங்கின் குரு, கார்னெட் வித்வான் ஜோ 'கிங்' ஆலிவர். க்ரம்ப் அட்டையில் கம்பீரமாக இருப்பார். 1922-ல் சிஷ்யனை சிகாகோவுக்கு அழைத்து, 1923-ல் ஜாஸ் சரித்திரத்தையே தட்டில் ஏற்றியவர். பிறகு ஈறு நோய் வந்து ஊத முடியாமல் போயிற்று. ஜார்ஜியாவில் சவானா நகரத்தில் காய்கறி விற்றார், பூல் விளையாடும் கூடம் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினார். 1938-ல் அங்கேயே காலமானார். அவருடைய சகோதரி வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துத்தான் உடலை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்.

கடைசி ஸ்டாப், ஹோல்ட் கல்லறைத் தோட்டம். இந்த ஊரில் வசதியானவர்களுக்குத் தரைக்கு மேலே பளிங்கு மாளிகை மாதிரி கல்லறை. ஹோல்ட்டில் ஏழைகளுக்கு வெறும் மண். மரப்பலகை, கையால் எழுதிய பெயர், பிளாஸ்டிக் பூ. 1931-ல் பட்டி போல்டனை இங்கே புதைத்தார்கள். ஆம்ஸ்ட்ராங்குக்கு முன்னால், ஆலிவருக்கும் முன்னால், 1900-களின் ஆரம்பத்தில் இந்த நகரத்தையே கார்னெட்டால் கட்டி ஆண்டவர். ஜாஸின் முதல் ஆள் என்று பலரும் சொல்வது இவரைத்தான். 1907-ல் மனநிலை பாதிக்கப்பட்டு மாநில மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 24 வருஷம் கழித்து உயிரில்லாமல்தான் வெளியே வந்தார்.

அவர் ஊதியதில் ஒரு நொடிகூட இன்று கேட்கக் கிடைக்காது. இருப்பது ஒரே ஒரு போட்டோ, 1905 வாக்கில் தன் குழுவோடு எடுத்தது. மூலப்படம் தொலைந்து பிரதிதான் மிச்சம். அதிலும் வழக்கு! ஒரு பக்கமாக அச்சடித்தால் கிடார்காரர் இடதுகைக்காரராகத் தெரிகிறார். திருப்பி அச்சடித்தால் கிளாரினெட்காரர்களின் கை மாறிவிடுகிறது. எது நேர், எது தலைகீழ் என்று இன்னும் சண்டை ஓயவில்லை. புதைத்த இடமும் சரியாகத் தெரியாது. 1990-களில் பொதுவாக ஒரு நினைவுக்கல் நட்டார்கள்.

நண்பன் ரசீதை எடுத்தான். போல்டன்: முகம், பாதி டிக். குரல், இல்லை. கல்லறை, தோராயம். கூலிக் கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டான்.

மொத்தக் கணக்கையும் பார்த்தோம். கூலிக் கட்டத்தில் சுத்தமான டிக் கார்ட்டர்களுக்கு மட்டும். கல்லறைக் கட்டம் முழுக்கத் 'தாமதம்', 'மூன்று', 'தோராயம்'. குரல் கட்டத்தில் தாளிக்கிற சத்தம். முகக் கட்டம் ஒன்றுதான் எல்லாருக்கும் நிரம்பியிருந்தது, அதுவும் பலருக்கு ஒற்றைப் போட்டோவின் புண்ணியத்தில்.

கடன் வாங்கிய கோட்டோ, சொந்தக் கோட்டோ, அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, தலை வாரி, டை கட்டி, கேமரா முன்னால் அசையாமல் உட்கார்ந்தார்களே... இவர்கள் வாங்காமல் விட்டுப்போன கூலியில், நமக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.